நோணாங்குப்பத்தில் நின்றுபோன பேச்சு

தவளக்குப்பத்தில் ஆள் ஏறி முடிந்திருந்தது. மீன் விற்கும் அம்மா காலிக் கூடையை எஞ்சின் பக்கம் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் படியிலிருந்து உள்ளே நகர்ந்துவிட்டார்கள். நான் 'ரைட்' என்று ஒரு குரல் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். பஸ் கிளம்பிவிடும்.

அந்தச் சொல் வரவில்லை.

மறந்துபோகவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று நன்றாகத் தெரிந்தது. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. கையிலிருந்த டிக்கெட் கட்டு நழுவிக் காலடியில் விழுந்தது. குனிந்து எடுக்க வலது கையை நீட்டினேன். நீட்டியதாக நினைத்தேன். கை என் பக்கத்தில் வேறு யாருடைய கையோ போலத் தொங்கிக்கொண்டிருந்தது.

"இன்னாபா, போலாமா வாணாமா?" என்று டிரைவர் அண்ணன் முன்னாலிருந்து கத்தினார்.

நான் பதில் சொல்லாமல் நிற்பதைக் கண்ணாடியில் பார்த்தவர், எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். என்னைப் பிடித்துப் படியில் உட்கார வைத்தார்கள். யாரோ சோடா வாங்கி வந்தார்கள். பாதி சோடா சட்டையில் வழிந்தது. அது வழிந்து முடிவதற்குள் விரல்கள் அசைந்தன, நாக்கும் திரும்பியது. "ஒண்ணுமில்லண்ணே, தல சுத்திச்சி" என்றேன்.

வெயில் என்றார்கள், பித்தம் என்றார்கள். பஸ் பாகூர் போய்ச் சேர்ந்தது. எனக்கு மட்டும் அது வெயில் இல்லை என்று தெரியும். ஏனென்றால் என் வீட்டில் என் அண்ணன் இருந்தார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. பாண்டிச்சேரிக்கும் பாகூருக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தேன். நாளொன்றுக்கு இரண்டு கட்டு பீடி. அண்ணன் என்னைவிட மூத்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், மில்லில் வேலை பார்த்தவர். சில வருஷங்களுக்கு முன் ஒரு காலையில் முகம் கழுவப் போன இடத்தில் சுருண்டு விழுந்தார். வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் ஒரே வீச்சில் போயின. மிஞ்சியது ஒரே ஒரு சொல். 'ஆமா.' சாப்பிட்டாயா என்றால் ஆமா. சாப்பிடவில்லையா என்றாலும் ஆமா. வலிக்கிறதா, ஆமா. வலிக்கவில்லையே, ஆமா. முதலில் எல்லோரும் அவரிடம் கேள்வி கேட்டோம். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டோம். என் மனைவிதான் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், துணி மாற்றினாள். நடவுக்கும் களையெடுக்கவும் போய்விட்டு வந்து இவ்வளவும் செய்தாள்.

பஸ்ஸில் நடந்ததை அவளிடம் அன்றே சொன்னேன். அவள் என் வலது கையைப் பிடித்து விரல் விரலாக நெட்டி முறித்துப் பார்த்தாள்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தோம். பிசைந்த சோறு வாய்க்குப் போகாமல் மடியில் விழுந்தது. நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். அவள் முகம் மாறிய விதத்திலிருந்து என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்துகொண்டேன்.

"கையத் தூக்குய்யா."

தூக்க முடியவில்லை.

"எம் பேரச் சொல்லு."

அவள் பெயர் என் நெஞ்சில் நின்றது. உதட்டுக்கு வரவில்லை.  என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, உள்ளறையில் கட்டிலில் கிடந்த அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் கழுத்தைத் திருப்பி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் எனக்குச் சரியாகிவிட்டது. ஆனால் அவள் விடவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் என்னை டவுன் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

அங்கே ஒரு டாக்டர் என் கதையைக் கேட்டார். நெஞ்சில் வைத்துக் கேட்கிற குழாயை என் இடப்பக்கக் கழுத்தில் வைத்தார். மூச்சை நிறுத்தச் சொல்லிவிட்டு வெகுநேரம் கேட்டார். பிறகு குழாயைக் கழற்றி என் மனைவியின் காதில் மாட்டினார்.

"இன்னாம்மா கேக்குது?"

"சர்ரு சர்ருன்னு கேக்குது சார். மடைய பாதி அடைச்சா தண்ணி போவுமே, அப்பிடி."

"அதேதான்" என்றார் டாக்டர். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற பெரிய குழாய் கழுத்தில் இருக்கிறது, அதன் உள்சுவரில் அழுக்குப் படிந்து கட்டியாகிவிட்டது, அதிலிருந்து துணுக்கு உடைந்து மேலே போகும்போதுதான் கையும் பேச்சும் போகின்றன என்றார். இதுவரை போனவை சின்னத் துணுக்குகள், கரைந்துவிட்டன. பெரிதாக ஒன்று உடைந்தால் கரையாது.

"அப்ப எங்க அண்ணன் மாதிரி ஆயிடுவனா சார்?"

அவர் சீட்டு எழுதிக்கொண்டே, "அதுக்கு முன்னாடி மெட்ராஸ் போயிடுங்க" என்றார்.

மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. மருந்தைக் குழாயில் செலுத்திப் படம் எடுத்தார்கள். செலுத்தியபோது முகத்தின் பாதியில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றியது போல இருந்தது. படத்தைப் பார்த்த அறுவை டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். மெலிந்த மனிதர். எதையும் சுற்றிவளைக்க மாட்டார்.

"கழுத்தைத் திறந்து, குழாயைக் கீறி, அழுக்கைச் சுரண்டி எடுக்கணும். ஒண்ணு மறைக்காம சொல்லிடறேன். ஆபரேஷன் பண்ணும்போதே பக்கவாதம் வரலாம்."

என் மனைவிக்குப் புரியவில்லை. "அது வராம இருக்கத்தானே சார் ஆபரேஷனே?"

"ஆமாம்மா. அதுதான் இதுல கஷ்டம்."

குழாயைக் கீற வேண்டுமென்றால் அதில் ஓடுகிற ரத்தத்தை மேலும் கீழும் கவ்வி நிறுத்த வேண்டும். அந்த நேரம் முழுக்க மூளையின் அந்தப் பக்கம் மற்றக் குழாய்களிலிருந்து வருகிற ரத்தத்தை நம்பி இருக்க வேண்டும். சிலருக்கு அது போதும், சிலருக்குப் போதாது. போதாதவர்களுக்கு மெல்லிய டியூப் ஒன்றை நடுவில் வைத்து ரத்தத்தை ஓடவிட்டுக்கொண்டே வேலை செய்வார்கள். இதையெல்லாம் அவர் ஒரு தாளில் வரைந்து காட்டினார்.

"அப்ப எல்லாருக்கும் அந்த டியூப வெச்சிட வேண்டிதானே சார்?" என்று கேட்டேன்.

"டியூபை நுழைக்கிறப்பவே அழுக்கு உடைஞ்சு மேல போயிடலாம். தேவைன்னாத்தான் வெக்கணும்."

"தேவையா இல்லியான்னு எப்பிடித் தெரியும்?"

அவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்கதான் சொல்லணும். உங்களுக்கு மயக்கம் கொடுக்க மாட்டோம். கழுத்து மட்டும் மரத்துப்போகும். நீங்க முழிச்சிக்கிட்டு எங்ககிட்ட பேசிக்கிட்டே இருக்கணும். பேச்சு நின்னா எங்களுக்குத் தெரிஞ்சிடும்."

வெளியே வந்ததும் வராண்டாவில் நான் உட்கார்ந்துவிட்டேன். "என்னால ஆவாது. கழுத்த அறுக்கறப்ப முழிச்சினு பேசணுமாம். ஆட்டுக்குக்கூட அந்த கதி கெடையாது."

அவள் என் எதிரில் நின்றாள். "இன்னொருத்தரக் குளிப்பாட்ட எனக்குத் தெம்பு இல்லய்யா" என்றாள்.  அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். கோபம் இல்லை. உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

தேதி கொடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். அந்த இடைப்பட்ட நாட்களைப் போல நான் பயந்தது கிடையாது. காலையில் கண் விழித்ததும் முதல் வேலையாக வாய்க்குள் 'கிருமாம்பாக்கம்' என்று சொல்லிப் பார்ப்பேன். எங்கள் ரூட்டிலேயே நாக்கு புரளுகிற பெயர் அது. அது ஒழுங்காக வந்துவிட்டால் எழுந்திருப்பேன். வேலைக்குப் போகக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வீட்டில் உட்கார்ந்து யார் எது கேட்டாலும் தேவைக்கு மேல் பேசினேன், இருக்கும்போதே செலவழித்துவிடுகிறவன் மாதிரி. கோயில் சாமியார் வந்து நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசிவிட்டுப் போனார். நோயாளிக்குச் செய்வதுதான் என்று அவர் விளக்கிச் சொன்னார். ஆனால் தெருவில் இருந்தவர்கள் சாகப்போகிறவர்களுக்குச் செய்கிற கடைசிப் பூசுதல் என்றே எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள்.

கிளம்பும் நாளில் அண்ணனைப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் பொறுப்பில் விட்டோம். நான் குனிந்து, "போய்ட்டு வரேண்ணே" என்றேன். "ஆமா" என்றார். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விடுவிக்க என் மனைவி வர வேண்டியிருந்தது.

ஆபரேஷன் அறையில் குளிர் நடுக்கியது. தலையை வலப்பக்கம் திருப்பி வைத்து, கழுத்தில் வரிசையாக ஊசி போட்டார்கள். முகத்துக்கு மேலே பச்சைத் துணியைக் கூடாரம் போலக் கட்டினார்கள். அந்தக் கூடாரத்துக்குள் என்னோடு இருந்தது மயக்க மருந்து டாக்டர் மட்டும்தான். நடுவயதுப் பெண். முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. என் வலது கையைத் துணிக்கு வெளியே எடுத்து, அதில் ஒரு ரப்பர் வாத்தை வைத்தார். குழந்தைகள் அமுக்கி விளையாடுவது.

"அமுக்குங்க."

கீச்.

"நான் சொல்றப்பெல்லாம் அமுக்கணும். நடுவுல பேசிக்கிட்டே இருங்க. என்ன வேலை பாக்கறீங்க?"

"பஸ் கண்டக்டர்மா."

"அப்போ ஸ்டாப்பிங் பேரெல்லாம் சொல்லுங்க. பாண்டியிலேருந்து ஆரம்பிங்க."

வலி இல்லை என்று சொல்ல முடியாது. இழுவையும் அழுத்தமும் இருந்தன. தாடை எலும்பை யாரோ ஓரமாகத் தள்ளுவது போல இருந்தது. கத்தியின் சத்தம் கேட்காது என்றுதான் நினைத்திருந்தேன், ஆனால் காதுக்கு அருகிலேயே வேலை நடந்ததால் சின்னச் சின்னச் சத்தமும் கேட்டது. நெடுநேரத்துக்குப் பிறகு அறுவை டாக்டரின் குரல் துணிக்கு அப்பாலிருந்து வந்தது.

"இப்போ ரத்தத்தை நிறுத்தறோம். அவரைப் பேசச் சொல்லுங்க."

"சொல்லுங்க" என்றார் அந்த டாக்டர் அம்மா. "அமுக்குங்க."

கீச். "முதலியார்பேட்ட." கீச். "முருங்கப்பாக்கம்." எனக்குள் ஒரு தைரியம் வந்தது. ரத்தம் நின்றும் பேச்சு வருகிறதே. "அரியாங்குப்பம்." கீச். அடுத்தது நோணாங்குப்பம். என் கண்ணுக்கு முன்னால் அந்த நிறுத்தம் தெரிந்தது. அங்கே இறங்குகிறவர்களின் முகங்கள்கூடத் தெரிந்தன.

"நோ..." என்றேன். "நோ... நோ..."

"அமுக்குங்க."

அமுக்கினேன். சத்தம் வரவில்லை. வாத்து கிழிந்துவிட்டதோ என்று நினைத்தேன். மறுபடி அமுக்கினேன். என் முழு பலத்தையும் கொடுத்து அமுக்கியதாகத்தான் இன்றைக்கும் எனக்கு நினைவு.

அந்த அம்மாவின் கண்கள் என் கையைப் பார்த்தன, பிறகு என் வாயைப் பார்த்தன. "சார், கை போச்சு. பேச்சும் போச்சு."

"டியூப்" என்றார் அறுவை டாக்டர். "பிரஷரை ஏத்துங்க."

அறையில் யாரும் ஓடவில்லை, கத்தவில்லை.  எனக்கு எல்லாம் கேட்டது, எல்லாம் புரிந்தது. அந்த அம்மா, "பயப்படாதீங்க, டியூப் வெக்கறாங்க" என்றபோது, 'சரிம்மா, சீக்கிரம்' என்று பதில் சொன்னேன். என் காதுக்குக் கேட்டது வேறு. ஏதோ ஒரு ஊளை. என்னுடைய குரல்தான் அது. உள்ளே நான் முழுசாக இருந்தேன். என் மனைவியின் பெயர், ஊர், ரூட், சாமியார் பூசிய எண்ணெயின் வாசனை, எதுவும் குறையவில்லை. வெளியே போக வழி மட்டும் இல்லை. அந்த நேரத்தில் எனக்கு அண்ணனின் முகம் வந்தது. இத்தனை வருஷமாக அவர் இங்கேதான் இருக்கிறார் என்று தோன்றியது. இங்கே, இப்படி, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு.

கழுத்தில் அழுத்தம் கூடியது. யாரோ, "டியூபோட கீழ் முனை போயிடுச்சு, மேல் முனை, பாத்து, பாத்து" என்றார்கள். பிறகு, "ஓடுது" என்ற குரல்.

முதலில் விரல் நுனிகளில் எறும்பு ஊர்ந்தது. கீச் என்று வாத்து கத்தியது. நான் அமுக்கினேனா, தானாக நடந்ததா தெரியாது. அந்த அம்மாவின் கண்கள் சுருங்கின, சிரிக்கிறார் என்று தெரிந்தது. "பேசுங்க, ஏதாவது பேசுங்க."

"உள்ள போ, உள்ள போ, படில நிக்காத" என்றேன்.

துணிக்கு அப்பால் யாரோ சிரித்துவிட்டார்கள். "யாரை உள்ள போகச் சொல்றார்?" என்று அறுவை டாக்டர் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. அந்த நேரத்துக்கு வாயில் வந்தது அதுதான்.

டியூப் வழியாக ரத்தம் ஓட, அழுக்கைச் சுரண்டும் வேலை நடந்தது. நான் ரூட்டைப் பாகூர் வரை சொல்லிவிட்டு, திரும்பப் பாகூரிலிருந்து பாண்டிக்கும் சொன்னேன். எத்தனை டிரிப் அடித்தேன் என்று கணக்கில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மா குனிந்தார்.

"இப்போ டியூபை எடுக்கணும். கடைசித் தையல் போடறதுக்காக இன்னொரு தடவை நிறுத்துவாங்க. கொஞ்ச நேரம்தான்."

முதல் தடவை எனக்கு என்ன வரப்போகிறது என்று தெரியாது. இந்தத் தடவை தெரியும். 

"நில்லுங்கம்மா. பேச்சு திரும்பலன்னா எம் பொண்டாட்டிக்கு ஒண்ணு சொல்லணும்."

"நீங்களே போய்ச் சொல்லுங்க" என்றார். "அமுக்குங்க."

கீச்.

"நிறுத்தியாச்சு" என்றது குரல்.

ஊர்ப் பெயர்கள் வேண்டாம் என்று நினைத்தேன். மாதாவுக்கான மந்திரத்தைத் தொடங்கினேன். "அருள் நிறைந்த மரியே வாழ்க..." சொற்கள் தள்ளாடின. கீச். "கர்த்தர் உம்முடனே..." நாக்கு கனத்தது. கீச் சத்தம் மெலிந்து மெலிந்து, காற்றுப் போகிற சத்தமாக ஆனது. ஆனால் நிற்கவில்லை. "பிரஷரை அப்படியே பிடிங்க, முடியப்போகுது" என்றார் அறுவை டாக்டர். பிறகு, "முதல்ல முகத்துப் பக்கம் திறந்துவிடுங்க. துணுக்கோ காத்தோ இருந்தா அங்க போகட்டும். அப்புறம் மூளைக்கு."

என் இடது கன்னத்தில் சூடு பரவியது. "திறந்தாச்சு" என்றார்கள். நான் "ஆமென்" என்றேன். முழுசாக வந்தது.

என் மனைவியை உள்ளே விட்டபோது கட்டிலருகே வந்து நின்றாள், வாயே திறக்கவில்லை. நான் என்ன பதில் சொல்வேனோ என்ற பயம். கடைசியில் 'ஆமா' என்று சொல்ல முடியாத ஒரு கேள்வியைத் தேடிப் பிடித்துக் கேட்டாள்.

"இன்னா வோணும்?"

"பீடி" என்றேன். குரல் கரகரத்திருந்தது, ஆனால் தெளிவாக இருந்தது.

புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. "கழுத்த அறுத்தும் புத்தி வரல பாரு" என்று சொல்லிவிட்டு, என் காலைப் பிடித்துக்கொண்டு கட்டிலின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பீடியை அதோடு விட்டேன்.

குரல் கரகரப்பு தெளியச் சில மாதங்கள் ஆயின. இடது தாடையிலும் காது மடலிலும் இன்னும் உணர்ச்சி இல்லை. சவரம் செய்யும்போது வெட்டிக்கொண்டால் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். அந்தப் பஸ்ஸிலேயே மறுபடி வேலைக்குப் போனேன். கை அதன்பின் என்னை விட்டுப் போகவில்லை.

ஊர் திரும்பிய அன்று மாலை அண்ணன் கட்டிலில் உட்கார்ந்தேன். என் கழுத்தில் சுற்றியிருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணே, எனக்கும் கொஞ்ச நேரம் பேச்சு போச்சி" என்றேன். "உள்ள எல்லாம் இருந்திச்சி. வெளிய வரல. உனக்கும் அப்பிடித்தானே?"

அவர் அந்த ஒரு சொல்லைக்கூடச் சொல்லவில்லை. முகத்தை மறுபடி சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் முதுகு அழுதது.

அன்றிலிருந்து நாங்கள் அவரிடம் கேள்வி கேட்கும் முறையை மாற்றினோம். இரண்டு பொருள்களை எதிரில் வைப்போம், இடது கையால் தொட்டுக் காட்டுவார். முதல் நாள் குழம்புச் சட்டியையும் ரசத்தையும் என் மனைவி வைத்தாள். ரசத்தைத் தொட்டார். "இத்தன வருசமா மீன் கொழம்பா ஊட்டினேனே, புடிக்கலியா மாமா?" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணிச் சிரித்தது.

பிறகு கட்டிலைத் தட்டினார், வாசலைக் காட்டினார், மறுபடி கட்டிலைத் தட்டினார். வெளியே போக வேண்டுமா என்று கேட்டோம், கையை உதறினார். காற்று வேண்டுமா என்றோம், அதற்கும் உதறினார். சுவரைக் காட்டிக் கண்களை மூடிக்கொண்டார். அப்போதுதான் என் மனைவிக்கு விளங்கியது. விழுந்த நாளிலிருந்து அவரைச் சுவரைப் பார்க்கத்தான் படுக்க வைத்திருந்தோம். நான் எழுந்து கட்டில் காலைப் பிடித்தேன்.

"நீ தூக்காதய்யா, தையல் பிரிஞ்சிடும்" என்று என்னை ஒதுக்கித் தள்ளிவிட்டு, அண்ணனோடு சேர்த்துக் கட்டிலை அவளே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துத் தெருப்பக்கம் திருப்பினாள்.